மிட்டாய்க்கு விசில், விசிலுக்கு மிட்டாய்

"வாயைத் திற."

வாண்டு திறக்கவில்லை. இடது கன்னம் மட்டும் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. விழா மண்டபத்தின் வாசலில் முழங்காலிட்டு, மகளின் அந்தக் கன்னத்தையே வெறித்துக்கொண்டிருந்தார் பயிற்சியாளர்.

பயிற்சியாளர் என்றால் உடற்பயிற்சி அல்ல. அவருடைய தொந்தியைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள். கம்பெனி கம்பெனியாகப் போய் ஊழியர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது அவர் தொழில். சம்பளம் ஏறாத இடங்களில் அவருக்கு நல்ல கிராக்கி.

"துப்பிடு கண்ணு. யாராவது பாத்தா அப்பா மானம் போயிடும்."

"ம்ஹும்."

போகப்போவது மானம் மட்டுமில்லை. அன்று மழலையர் பள்ளியின் விடுமுறை விழா. ஒவ்வொரு வருஷமும் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொண்டுவந்து, மாலையில் ஆளுக்கொரு குட்டி மிட்டாய்க்கடையாக வீடு திரும்புவது வழக்கம். அதை எதிர்த்துப் பெற்றோர் கூட்டத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசி, தடை வாங்கியவரே இவர்தான். மேடைக்குப் பின்னால் 'இனிப்பில்லா இனிய விழா' என்று பேனர் தொங்குவதும் இவர் உபயம். விழா முடிந்ததும் பெற்றோர் சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அந்த நாற்காலியின் மேல் அவருக்கு ஒரு கண். உண்மையைச் சொன்னால் இரண்டு கண்ணும்.

நாற்காலி மேடையின் நடுவில் இருந்தது. சிவப்பு மெத்தை வைத்தது. அதில் இப்போதைய தலைவர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, கண்ணை மூடி அமர்ந்திருந்தார். மேடைப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். பயிற்சியாளருக்கு வீட்டில் வணக்கம் வைக்க ஆளில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அன்று காலைகூட அவரை இப்படித்தான் வழியனுப்பி வைத்தாள்: "போனோமா, கை தட்டினோமான்னு வந்துடுங்க. எதையும் மேம்படுத்தாதீங்க."

உள்ளே எட்டிப் பார்த்தார். தடை பிரமாதமாக அமலில் இருந்தது. மேஜைகளில் ஒரு மிட்டாய்கூட இல்லை. எல்லாம் பிள்ளைகளின் பாக்கெட்டில் இருந்தன.

கைக்குட்டைக்காகப் பையைத் துழாவியபோது விரலில் ஒரு விசில் தட்டுப்பட்டது. ஏதோ பஸ் கம்பெனி ஊழியர்களுக்குக் குழு விளையாட்டு நடத்த வாங்கியது. மிச்சம் ஒரு பெட்டி நிறையக் காரில் கிடந்தது.

"துப்பினா இது உனக்கு."

மிட்டாய் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பயிற்சியாளருக்குப் பொறி தட்டியது. தட்டிய பொறியை அப்படியே விட்டிருந்தால் ஊருக்கு நல்லது. அவர் நேரே மைக்கைப் பிடித்தார்.

"குழந்தைகளே! யாரையும் நான் திட்டப் போவதில்லை. உங்களிடம் இருக்கும் மிட்டாயைத் தானாக முன்வந்து ஒப்படைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு விசில் பரிசு!"

வகுப்பு மிஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "சார், விசில் வேண்டாமே. சின்னப் பசங்க..."

"மிஸ், மனுஷனை மிரட்டி மாத்த முடியாது. ஊக்கம் குடுத்துத்தான் மாத்தணும். பெரிய பெரிய கம்பெனியிலயே இதுதான் நடக்குது."

"இவங்களுக்கு நாலு வயசு சார்."

"மேனேஜர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்."

பாக்கெட்டுகள் காலியாயின. காலுறைக்குள்ளிருந்தும், தண்ணீர் பாட்டிலுக்குள்ளிருந்தும், ஒரு பெண்ணின் கொண்டைக்குள்ளிருந்தும்கூட மிட்டாய் வெளியே வந்தது. அட்டைப்பெட்டி நிரம்பியது. பெற்றோர் கை தட்டினார்கள். மேடையில் தலைவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தச் சிவப்பு மெத்தை தன்னை நோக்கி இரண்டடி நகர்ந்து வந்ததாகப் பயிற்சியாளருக்குத் தோன்றியது.

"சார், ஒரு சந்தேகம்."

வக்கீல் அம்மா. அவருக்குச் சந்தேகம் வந்தால் எதிரில் இருப்பவருக்கு வேர்க்கும். ஒரு கையில், மூக்கு ஒழுக விசும்பிக்கொண்டிருந்த மகன்.

"மிட்டாய் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. சரின்னு நான் ஒண்ணுகூட வாங்கித் தரல. இப்ப விசில் இல்லாம அழறது யாரு?"

"தம்பிக்கும் ஒண்ணு குடுத்துட்டாப் போச்சும்மா..."

"சும்மா குடுத்தா நாளைக்கு அவனை எல்லாரும் கேலி பண்ணுவாங்க. விதியை மீறினவனுக்குப் பரிசு, மதிச்சவனுக்குப் பிச்சையா? என் பையன் முறைப்படி வாங்குவான்."

விறுவிறுவென்று வெளியே போனார். பள்ளி வாசலில் இருந்த பெட்டிக்கடையில் கை நிறைய மிட்டாய் வாங்கிவந்து மகனின் கையில் திணித்தார். "போ. போய்த் தியாகம் பண்ணிட்டு வா."

அதைப் பார்த்த மற்ற பெற்றோருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வக்கீல் மகன் தியாகம் செய்தபிறகு தன் பிள்ளை சும்மா நிற்பதா? கால் மணி நேரத்தில் வாசலுக்கும் மண்டபத்துக்கும் இடையே பாதை தேய்ந்தது. வருஷம் முழுக்கப் பிள்ளைக்குச் சர்க்கரையைக் கண்ணில் காட்டாத அப்பா ஒருவர் வேட்டை நாய் மாதிரி மூச்சிரைக்க ஓடிவந்து, "ஆரஞ்சு மிட்டாயும் கணக்குல சேருமா சார்?" என்று கேட்டார்.

பயிற்சியாளர் கலங்கவில்லை. மைக்கில் திருத்தம் அறிவித்தார்: "இனிமேல் இரண்டு கை நிறையக் கொடுத்தால்தான் ஒரு விசில்!"

மிஸ்ஸிடம் தனியாக விளக்கினார். "விலையை ஏத்தினா வாங்கற ஆள் தன்னால குறைஞ்சிடுவான் மிஸ்."

"பெத்தவங்ககிட்ட அது பலிக்காது சார். நாங்க ஃபீஸை ஏத்திப் பாத்திருக்கோம்."

மிஸ் சொன்னதுதான் நடந்தது. இப்போது பிள்ளைகள் முன்னால் வர, பின்னால் அப்பாக்கள் கண்ணாடிச் சாடியோடு வந்தார்கள். அட்டைப்பெட்டி நிரம்பி, மேஜை நிரம்பி, மிட்டாய் தரையில் சரிந்தது. கடைசியில் கடைக்காரரே ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"எதுக்குப் பாவம் எல்லாரும் அலையணும்னு நானே வந்துட்டேன் சார். எங்க இறக்கட்டும்?"

பயிற்சியாளர் பதில் சொன்னார். ஆனால் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

காரணம், பிள்ளைகள் விசிலின் உபயோகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் ஒருவன் ஊதினான். அதற்கு இன்னொருத்தி பதில் ஊதினாள். பிறகு மண்டபமே ஊதியது. தலைமை ஆசிரியை உரையாற்ற எழுந்து, "அன்பார்ந்த" என்றார், பீ என்றது. "பெற்றோர்களே" என்றார், பீ பீ என்றது. அவர் காகிதத்தை மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்து வீறிட்டன.

வெளியே படீர் என்று ஒரு சத்தம். பள்ளி வேன் டிரைவர் கோபமாக உள்ளே வந்தார்.

"யாரு சார் பின்னால வா வான்னு விசில் அடிச்சது? வாசல்ல இருந்த பூந்தொட்டி எல்லாம் போச்சு!"

"நான் அடிக்கலைப்பா..."

"பின்ன இந்த விசிலெல்லாம் யாரோடது?"

அத்தனை பெற்றோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். மாதக்கணக்காக அவர் விரும்பிய கவனம்தான். இப்போது கிடைத்ததில் அவ்வளவு சுகமில்லை.

"பிள்ளைகளே, எல்லாரும் விசிலைத் திருப்பிக் கொடுங்க! உடனே!" என்று கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. வாண்டு மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"குடுத்தா என்ன தருவே?"

"என்ன தருவேனா? அப்பா சொல்றேன்ல, குடு!"

"காலையில மிட்டாய் துப்பினதுக்கு விசில் தந்தே. இப்ப விசிலுக்கு என்ன?"

ஊக்கம் என்பது இதுதான். ஒரு தடவை ஊட்டினால் போதும், உடம்பில் ஊறிவிடும். பயிற்சியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். கொடுப்பதற்கு அந்த மண்டபத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது மலையாகக் குவிந்திருந்தது.

"சரி," என்றார், வாழ்நாளிலேயே மிகத் தாழ்ந்த குரலில். "ஒரு விசிலுக்கு... ஒரு மிட்டாய்."

எத்தனை தாழ்ந்த குரலானாலும் பிள்ளைகளின் காதுக்கு அந்த ஒரு சொல் எட்டாமல் போகுமா? அலை அடித்ததுபோல் வந்து மோதினார்கள். பயிற்சியாளர் இரண்டு கையாலும் மிட்டாயை அள்ளி அள்ளிக் கொடுத்தார். வீடியோ எடுக்கிறவர் நாற்காலி மேல் ஏறி நின்று, "சார், கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக்குங்க. பின்னாடி இருக்கற எழுத்து மறைக்குது," என்றார். தள்ளிக்கொண்டார். 'இனிப்பில்லா இனிய விழா' முழுசாகத் தெரிந்தது.

ஒருவழியாகச் சத்தம் அடங்கும் என்று அவர் நிமிர்ந்தபோது, எதிரில் வக்கீல் அம்மா.

"சார், என் பையன்கிட்ட ஒரே ஒரு விசில்தான் இருக்கு. ரெண்டாவது வரிசையில நிக்கறவன் மூணு வெச்சிருக்கான். அவனுக்கு மட்டும் மூணு மிட்டாயா?"

"அம்மா, காலையில மிட்டாயே வாங்கித் தரலன்னு சொன்னது நீங்கதானே?"

"மிட்டாய் எனக்கு முக்கியமில்ல சார். நியாயம் முக்கியம்."

வக்கீல் அம்மா திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். நடக்கத் தேவையிருக்கவில்லை. கடைக்காரர் கழுத்தில் விசில்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். அப்பாக்கள் அவரை மொய்த்தார்கள். கடைக்காரர் அந்த நெரிசலிலும் பயிற்சியாளரிடம் மரியாதையாகக் குனிந்து கேட்டார்:

"சார், அடுத்து எதை எதிர்க்கப் போறீங்கன்னு சொன்னீங்கன்னா, சரக்கு எடுத்து வெச்சுடுவேன்."

மிஸ் மண்டபத்தின் பின்கதவைத் திறந்தார். "மணல்ல தண்ணி விட்டிருக்கேன். யாரு யாரு வர்றீங்க?"

பிள்ளைகள் கையிலிருந்ததை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். வாண்டு போகிறபோது தன் பங்கு மிட்டாயை அப்பாவின் கையில் கொட்டிவிட்டுப் போனாள். மண்டபத்தில் மிஞ்சியவை மிட்டாய், விசில், பெற்றோர். மூன்றில் எதுவும் இப்போது யாருக்கும் தேவையில்லை.

பயிற்சியாளர் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது. சிவப்பு மெத்தை கைநழுவிப் போனது. முன்வரிசையில் பெற்றோர் கூடிக் கூடிக் கிசுகிசுத்தார்கள். நடுநடுவே திரும்பி அவரைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியையும் மிஸ்ஸும்கூட அந்தக் கும்பலுக்குள் தலையை விட்டு ஏதோ சொன்னார்கள். இனி அவரை விழா மண்டபத்தின் பக்கமே சேர்க்க மாட்டார்கள். மனைவிக்குச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? வீடியோ வேறு இருக்கிறது.

வக்கீல் அம்மா எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"புதுத் தலைவர் பதவிக்கு நான் முன்மொழியறது, நம்ம பயிற்சியாளர் சாரை."

பயிற்சியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் வழிமொழியறேன்!" என்றார் ஆரஞ்சு மிட்டாய் அப்பா.

"நானும்!" என்றார் வேன் டிரைவர். அவர் சங்கத்தில் உறுப்பினரே இல்லை.

எல்லாக் கைகளும் மேலே போயின. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். பள்ளியின் வரலாற்றிலேயே இப்படி ஒரு ஒற்றுமை இருந்ததில்லை என்று தலைமை ஆசிரியை கண் கலங்கச் சொன்னார்.

தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்தவர் வேறு மனிதர். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. விளைவைப் பார்க்கிறவன் சாதாரண மனிதன். அதன் பின்னால் இருக்கிற தொலைநோக்கைப் பார்க்கிறவர்கள்தான் பெற்றோர். நெருக்கடியில்தானே தலைமை வெளிப்படும்! அடுத்த வாரப் பயிற்சி வகுப்பில் இதை ஒரு முழு அமர்வாக வைத்துவிட வேண்டியதுதான்.

நாலு பேர் சேர்ந்து அவரை மேடைக்கு அழைத்துப்போனார்கள். அழைத்துப் போனது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் கையைப் பிடித்திருந்தார்கள். சட்டையில் பெரிய பேட்ஜ் குத்தினார்கள். பழைய தலைவரை நிரந்தர கௌரவத் தலைவராக்கி, அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு மெத்தை நாற்காலி போட்டு, புதுத் தலைவரை அதில் அமர்த்தினார்கள். மிஸ் வந்து மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மேடைப் படிக்குக் குறுக்கே யாரோ ஒரு மேஜையை இழுத்துப் போட்டார்கள்.

மெத்தை எதிர்பார்த்ததைவிடச் சுகமாக இருந்தது. கீழே போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் வணக்கம் வைத்தார்கள். பயிற்சியாளர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே இருந்தார்.

பின்கதவு வழியாகப் பிள்ளைகள் முட்டி வரை சேற்றோடு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு விழாப் பரிசாகப் பொம்மை கொடுக்க மிஸ் வரிசை நிறுத்திக்கொண்டிருந்தார். பெரிய பிள்ளைகள் முன்னால், சின்னவர்கள் பின்னால். பயிற்சியாளருக்கு உள்ளங்கை அரித்தது. இதையே கொஞ்சம் மாற்றி, சேற்றை முதலில் கழுவுகிறவர்களுக்கு முதல் பொம்மை என்று வைத்தால்?

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப்போனார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு அவர் முழங்காலை அழுத்தியது. நிரந்தர கௌரவத் தலைவர், கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்:

"உக்காருங்க தம்பி, கீழ விட மாட்டாங்க. ஒரு வருஷம் நான் கேக்குக்குப் பதிலா முளைகட்டின பயறு குடுத்துப் பார்த்தேன்... அன்னிக்கு மேல ஏத்தினவங்கதான், இன்னும் இறக்கல."