ஆவுடைத்தாய்க்கு இரண்டு தசம் ஒன்று

வலியசாலை,
திருவனந்தபுரம்.

பொருள்: ஆவுடைத்தாயின் வரும் சீசன்.

சிரஞ்சீவி உமாசங்கருக்கு அத்தை சூடாமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், மாடியில் குடியிருக்கும் மூன்று பெண்களும், புதிதாகப் போட்ட தண்ணீர் மோட்டாரும் சௌக்கியம். நீயும் பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். 'பொருள்' என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. கான்வென்ட்டில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது எழுதுகிறவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பார் சிஸ்டர் பெர்க்மான்ஸ்.

முதலில் ஒரு திருத்தம். பொங்காலைப் பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து நான் பாஸ்கட்பாலுக்குப் பலன் சொல்வதாக எதிர்வீட்டு லீலாபாய் உன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அதை உன் அம்மா உன்னிடம் சொல்லி, நீ "அத்தைக்கு இப்போ இதுவும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டதும் என் காதுக்கு வந்தது. அது பொய். நான் பானையைப் பார்க்கவில்லை, பெண்களைப் பார்த்தேன். நீ சின்ன வயதில் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பொங்காலை பார்த்தவன்தான்: தெரு முழுக்க மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பானையோடு உட்கார்ந்து ஆற்றுகால் அம்மனுக்குப் பாயசம் வைப்பார்கள். பானை கிழக்கே வழிந்தால் வேண்டிக்கொண்டது உடனே நடக்கும், வடக்கே வழிந்தால் கொஞ்சம் தாமதம், மற்ற இரண்டு திசைகளைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். இதில் அம்மனின் பங்கு எவ்வளவு என்பது அம்மனுக்கே வெளிச்சம். நான் படித்த பௌதிகத்தின்படி, செங்கல் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பானை வழியும். இதை நான் லீலாபாய்க்குப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனி கணக்குப் போட்டுக் கொடுக்கும் அனந்தபுரி வேவ்ஸ் அணியின் பெண்கள்தான் என் மாடியில் இருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ரோஸ், சிஜி, ஆவுடைத்தாய். மூவரும் நம் வீட்டுக் கதவு நிலைக்கு மேற்பட்ட உயரம். ரோஸும் சிஜியும் வந்த முதல் வாரம் முழுக்கத் தலையை இடித்துக்கொண்டார்கள், ஆவுடைத்தாய் முதல் நாளே குனிந்து வந்தாள். போன மாதம் நீ அனுப்பிய பட்டியல், யார் யார் வரும் சீசனில் ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் அந்தப் பட்டியல், எப்படியோ இவர்கள் போனுக்கு வந்துவிட்டது. இட்லி சாப்பிடும்போது சிஜி சத்தமாக வாசித்தாள். ரோஸுக்கு இருபத்திரண்டு, சிஜிக்குப் பதினொன்று, ஆவுடைத்தாய்க்கு இரண்டு தசம் ஒன்று. அந்தத் தசம் ஒன்றை அவள் எப்படிக் கூடையில் போடுவாள் என்று நான் கேட்கப்போவதில்லை. சராசரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அணியில் ஒருத்தியைக் குறைக்கப் போகிறார்கள், அது பட்டியலின் கடைசிப் பெயர்தான் என்று சிஜி வாசித்துக்கொண்டே போய், பாதியில் யார் பெயர் என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆவுடைத்தாய் தன் தட்டைக் கழுவி, சிஜியின் தட்டையும் கழுவி வைத்துவிட்டு, "எங்கப்பா ஆரியசாலைக் கடையில எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டே வெச்சிருக்காரு மாமி. பெருங்காய வாசனை மட்டும் கையை விட்டுப் போவாது, அதான் சங்கடம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் பொங்காலை. சிஜியும் ஆவுடைத்தாயும் என் வாசலில் என் அடுப்புக்குப் பக்கத்தில் பானை வைத்தார்கள். ரோஸ் கிறிஸ்தவப் பெண், "எனக்குப் பானை வேண்டா மாமி, பாயசம் மட்டும் மதி" என்று முன்பே சொல்லிவிட்டாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கோயில் அடுப்பில் மூட்டிய தீ, ஓலையில் ஏறி, அடுப்புக்கு அடுப்பு கைமாறித்தான் ஊர் முழுக்க வரும் என்பது உனக்குத் தெரியும். அதைப் போல ஒரு பாஸிங் பயிற்சி எந்தக் கோச்சும் வைத்ததில்லை. தீ எங்கள் வரிசைக்கு வந்ததும் லீலாபாய் முதலில் தன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் ஓலையை விட்டாள். சிஜியும் அப்படியே. ஆவுடைத்தாய் ஓலையை வாங்கியதும் தன் அடுப்பைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கித் தெருவின் அந்தக் கோடி வரை பார்த்தாள். அங்கே நிறைமாதக்காரி ஒருத்தியின் ஓலை அணைந்துபோய் அவள் ஊதிக்கொண்டிருந்தாள். இவள் நாலே எட்டில் போய் அவளுக்குக் கொடுத்து, திரும்பும் வழியில் தீ வராத இன்னும் சில அடுப்புகளுக்கும் கொடுத்து, விரல் சுடும் அளவுக்கு ஓலை குட்டையான பிறகுதான் தன்னுடையதைப் பற்றவைத்தாள். பிறகு புகை சிஜியின் முகத்தில் அடிக்காதபடி நடுவில் போய் நின்றுகொண்டாள். சிஜி நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ், பூத்தூவ வரும் விமானத்தைப் படம் எடுக்கவேண்டும் என்று போனும் கையுமாக வானத்தையே பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

லீலாபாய் சும்மா இருக்கமாட்டாமல், "மாமி, இந்தப் பிள்ளேரு இக்கொல்லம் எங்ஙனெ களிக்கும்? மாமிக்குக் களி அறியுமல்லோ" என்று கேட்டாள். இந்த வருஷம் எப்படி ஆடுவார்கள் என்று கேட்டதற்குப் பதில் சொன்னேன். சிஜி நன்றாக ஆடுவாள், ஆனால் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கண் பந்தை விட்டு ஸ்கோர் போர்டுக்குப் போகும், அங்கேதான் பந்தைக் கோட்டைவிடுவாள். ரோஸ் நிறைய பாயிண்ட் எடுப்பாள், கீழே பார்த்து நடக்கப் பழகாவிட்டால் கால் பிசகும். இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்துப் பாயசத்துக்கு வெல்லம் போடுவதற்குள் விமானம் வந்தது, வானத்திலிருந்து பூ விழுந்தது, ரோஸ் லீலாபாயின் அடுப்புச் செங்கல்லில் தடுக்கித் தெருவில் விழுந்தாள். கணுக்கால் கொஞ்சம் வீங்கியது, இப்போது துள்ளிக் குதிக்கிறாள், கவலைப்படாதே. ஆனால் அதே நேரத்தில் லீலாபாயின் பானை தெற்கே வழிந்ததுதான் வினை. "கண்டோ, மாமி என்டெ பானையை நோக்கிச் சொன்னா, பெண் விழுந்துபோச்சு" என்று அவள் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளைக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் பெயர் வருமா என்று ஒருத்தி வந்தாள், படித்தால் வரும் என்றேன், அதையும் அருள்வாக்காக எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள். வங்கி அதிகாரி ஒருவர், இடமாற்றம் காசர்கோட்டுக்கா கொல்லத்துக்கா என்று தெரிந்துகொள்ளப் பானை, அரிசி, வெல்லம் எல்லாம் கையோடு கொண்டுவந்தார், விறகு மட்டும் நான் தரவேண்டுமாம். குழாய் ரிப்பேருக்கு வந்தவன் கிரிக்கெட் பற்றிக் கேட்டான். கிரிக்கெட் எனக்கு ஆகாது, குழாய் பற்றி மட்டும் பேசு என்றேன். கடைசியில் மாடிப் பெண்களின் கோச் ஷிபுவே வந்தார். எப்போதும் ஷூவோடு வாசலில் நின்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தபோதே எனக்குச் சந்தேகம்.

"மாமி, நம்ம டீமுக்கு இந்த சீசன் எங்ஙனெ? ஒண்ணு நோக்கிப் பறயணும்."

"நான் நோக்கிப் பறயற ஜோசியக்காரி இல்லை. உக்காருங்கோ. ஆவுடைத்தாயை ஏன் அனுப்பறேள்?"

"ஞான் இல்ல மாமி. கம்ப்யூட்டர் சொல்லி."

"கம்ப்யூட்டருக்கு யார் சொன்னா?"

"பெங்களூர்ல ஒரு உமாசங்கர் ஸார் உண்டு. வலிய ஆளாணு."

"அந்த ஸாருக்கு மூக்கு சிந்திவிட்டதே நான்தான்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பிறகு மெதுவாக, "எங்கில் மாமி ஸாருக்கு ஒண்ணு எழுதணும். எனக்கும் அந்தப் பெண் போறது சங்கடந்தான். ஸார் மாத்தி எழுதினா ஞான் முதலாளியிடம் பேசறேன். மாசக் கடைசி வரை டைம் உண்டு" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

உமாசங்கர், நான் பள்ளி பாஸ்கட்பால் அணியில், பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கார்டாக ஆடியவள். ஆறு கெஜப் புடவை கட்டிய பிறகும் பந்து எங்கே போகப்போகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. கூடையில் போட்டவளை உன் கம்ப்யூட்டர் எண்ணுகிறது, அவளுக்குக் கடைசியாகப் பந்து கொடுத்தவளையும் அசிஸ்ட் என்று எண்ணுகிறது. சரி. அவளுக்கு முன்னால் கொடுத்தவளை எண்ணுகிறதா? ஸ்கிரீன் போடுகிறவளை எண்ணுகிறதா? எதிரணிக்காரி ஓடிவரும் வழியில் போய், இடித்தாலும் அசையாமல் தூண் மாதிரி நின்று, தன் அணிக்காரிக்கு ஒரு வினாடி சுதந்திரம் வாங்கிக் கொடுப்பதுதான் ஸ்கிரீன். ஆவுடைத்தாய் நாள் முழுக்கச் செய்வது அதுதான், களத்திலும் சரி, என் வீட்டுக் குழாயடியிலும் சரி. என் கணிப்பை எழுதிக்கொள். அவள் வரும் சீசனிலும் நிறையப் போடமாட்டாள். உன் இரண்டு தசம் ஒன்று சரியாகவே இருக்கலாம். ஆனால் அவள் உள்ளே நிற்கும்போது ரோஸ் முப்பது எடுப்பாள், சிஜி ஸ்கோர் போர்டைப் பார்க்கும் நேரத்தில் பந்து கைவிட்டுப் போகாது. அவள் ஆரியசாலையில் பெருங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தால் உன் இருபத்திரண்டும் வராது, பதினொன்றும் வராது. அப்போது உன் பட்டியலில் சரியாக வருவது எழுத்துப்பிழை இல்லாத பெயர்கள் மட்டும்தான். மாசக் கடைசிக்குள் கோச்சுக்கு மாற்றி எழுது. நான் இதைப் பிரியத்தினால் சொல்வதாக நினைக்காதே, பிரியம் வேறு, கணக்கு வேறு. இது முழுக்க முழுக்க நேரில் பார்த்ததை வைத்து, மூடநம்பிக்கை கலக்காமல் சொல்லும் கணிப்பு. லீலாபாய் சொன்னதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்பதை உன் அம்மாவுக்கும் தெரிவி.

உன் அம்மாவுக்கு என் அன்பு. உனக்கு நல்ல தூக்கமும் நல்ல பசியும் நல்ல புத்தியும் குறைவில்லாமல் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தை
சூடாமணி கல்யாணராமன்

பி.கு.: ஒரு தகவல், அவ்வளவுதான். அன்றைக்கு ஆவுடைத்தாயின் பானை கிழக்கே வழிந்தது. கொஞ்சம்கூட வடக்கே சாயாமல், சுத்தமாகக் கிழக்கே. அவள் அடுப்பின் மேற்குப் பக்கச் செங்கல்லுக்கு அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகியது நான். பௌதிகம் எனக்குத் தெரியும், அம்மனின் மனசு தெரியாது, அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தேன். செங்கற்களைக் கார்ப்பரேஷன் வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது, சில்லு என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. நான் குனிந்து அதைச் செருகிக்கொண்டிருந்தபோது லீலாபாய் இந்தப் பக்கம் திரும்பினாள். ஆவுடைத்தாய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். லீலாபாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள், இவள் அசையவில்லை. இதை எழுத உன் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும். போனில் கட்டைவிரல் படம் அனுப்பாதே. பதிலைக் கடிதமாக எழுது.