மணவறைக்குத் தெளித்த ஐஸ் தண்ணீர்

ஒரு விஷயத்தை மூன்று மாதம் படித்தவர்களுக்கு வருகிற தலைக்கனம், வாழ்நாள் முழுக்கப் படித்தவர்களுக்கு வருவதில்லை. நான் பண்டாரவளையில் சரியாக மூன்று மாதம் பூ அலங்காரம் படித்தேன். அப்பாவுக்கு அங்கே புடைவைக் கடை. ஓய்வு பெற்ற ஒரு பறங்கி ரீச்சர் தன் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தினார். பன்னிரண்டு வகுப்பு முடிந்ததும் ஒரு சான்றிதழ் தந்தார். (என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார். ஆனால் முத்திரை பெரிது.)

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் பேசிக் குழம்பி, மூன்றாவதாக நாரந்தனையில் ஒன்று பொருந்தி வந்தது. ஆனி மாதத்தில், நயினாதீவில் எங்கள் வீட்டிலேயே கலியாணம். மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். அக்கா அவரை ஒரே ஒரு தரம் கோயில் வீதியில் கண்டாள். அதற்குப் பிறகு தேங்காய் துருவும்போதுகூடத் தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சுத்த சைவம். அவர் வீட்டுக் கிணற்றுக்கட்டில் மீன்கொத்திகூட இருக்கப் பயப்படும் என்று எங்கள் குஞ்சியப்பு சொல்வார். அந்த மாமி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கலியாணத்துக்கு எட்டு நாளைக்கு முதலே எங்கள் வளவுக்குள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் புழங்கக் கூடாது. அம்மா உடனே சம்மதித்தார். மீன்சட்டிகள் எல்லாம் அயல் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டன. குஞ்சியப்பு, அதாவது அப்பாவின் தம்பி, மீன் இல்லாமல் ஒரு நேரம் சாப்பிட்டாலே காய்ச்சல் வருகிற ஆள். சட்டிகளுக்குப் பின்னால் படலை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஊரில் வழக்கமாக மணவறை சோடிக்கிறவர் கடதாசிப் பூவும் மினுக்கத்தாளும் கொண்டு வந்து வேலை கேட்டார். நான் அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். கொப்பியில் படம் கீறி அப்பாவுக்குக் காட்டினேன். நான்கு தூணிலும் சிவப்பு அந்தூரியம், இடையிடையே கிளாடியோலஸ், மேலே அரைவட்டமாக வெள்ளைக் கார்னேஷன்.

"மல்லிகை ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"அது சாமிக்கம்மா. இது டிசைன்" என்றேன். (இன்றைக்கு யாராவது என்னிடம் அப்படிக் கதைத்தால் அகப்பையால் அடிப்பேன்.)

பூக்கள் பண்டாரவளையிலிருந்து ரயிலில், கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தன. நானும் குஞ்சியப்புவும் போய் எடுத்தோம். கூடையைத் திறந்து பார்த்தால், மலைநாட்டுப் பூக்கள் யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்ட அதிர்ச்சியில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. வெளியே சோளகக் காற்று அடுப்பு மாதிரி வீசிக்கொண்டிருந்தது. இனி பஸ்ஸில் குறிகாட்டுவான், அங்கிருந்து மோட்டர்ப் படகு. வீட்டுக்குப் போக மத்தியானம் ஆகிவிடும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். பூவை ஐஸில் வைத்தால் வாடாது என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ஐஸ் எங்கே இருக்கும்? மீன் சந்தையில் இருக்கும். கொழும்புக்கு மீன் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் குஞ்சியப்புவுக்குத் தெரிந்தவர். ஐஸும் தந்தார், அதை வைக்க ஒரு பெரிய மரப்பெட்டியும் தந்தார்.

"தங்கச்சி, இது மீன் போட்ட பெட்டி. பிறகு என்னைக் குறை சொல்லப்படாது."

"கழுவினதுதானே அண்ணை?"

"கழுவினதுதான். எண்டாலும் மணம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

"குளிருக்குள்ளை மணம் எழும்பாது. அது விஞ்ஞானம்."

அவர் விஞ்ஞானத்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றார். குஞ்சியப்பு பஸ்ஸிலும் படகிலும் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பாவம், எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வெயில் ஏறுவதற்கு முன்பே மணவறையைச் சோடித்து முடித்துவிட்டேன். பூக்கள் சற்று முன்தான் பறித்தவை போல நின்றன. என் விஞ்ஞானமும் சரியாகத்தான் இருந்தது. குளிரில் ஒரு மணமும் எழும்பவில்லை. அயலவர்கள் வந்து வாய் பிளந்து பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அத்துடன் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திராது. பெட்டிக்குள் ஐஸ் உருகிய தண்ணீர் மிச்சம் இருந்தது. குளிர்ந்த தண்ணீர், வீணாக்கலாமா? ஒரு வாளியில் எடுத்து, மாவிலைக் கொத்தால் பூக்களுக்கெல்லாம் நன்றாகத் தெளித்தேன். ஐயர் வருவதற்கு முன்பே மணவறைக்கு முதல் அபிஷேகம் செய்தவள் நான்தான்.

மாப்பிள்ளை பகுதி படகால் இறங்கி மேளதாளத்தோடு வந்தது. மாப்பிள்ளையும் தோழனும் மணவறையில் அமர்ந்தார்கள். அக்காவை அழைத்து வந்தார்கள். கூறைச்சேலை கொடுத்தார்கள். அதை உடுத்துவர அக்கா உள்ளே போனாள். இதற்கிடையில் சூரியன் எங்கள் தகரப் பந்தலுக்கு நேரே மேலே வந்துவிட்டது. பூக்கள் சோர்வது போலத் தெரிந்தது. நான் வாளியோடு ஓடிப்போய்த் தெளித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் சோர்ந்தன. இன்னும் தெளித்தேன். ஒரு பூனை வந்து மணவறைக்கு முன்னால் பக்தியோடு உட்கார்ந்தது. பிறகு இன்னும் இரண்டு வந்தன. சொந்தக்காரர்கள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மகனின் தலைப்பாகையைச் சரிசெய்ய மாமி மணவறைக்குக் கிட்டப் போனார். போனவர் அப்படியே நின்றார்.

"இஞ்சை ஆரோ மச்சம் காய்ச்சியிருக்கினம்."

"ஐயோ, அம்மாள் சத்தியமா இல்லை!" என்று அம்மா பதறினார்.

"அப்ப இந்த மணம் என்ன, கோயிலிலையிருந்தோ வருது?"

எல்லோருடைய கண்ணும் குஞ்சியப்புவிடம் போனது. "என்னை ஏன் பாக்கிறியள்? நான் எட்டு நாளாக் கத்தரிக்காயோடை குடும்பம் நடத்துறன்!" என்று அவர் கத்தினார். கேட்பார் இல்லை. மணம் போகத் தேசிக்காயும் கையுமாக அவரைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், வேட்டி சால்வையோடு முழுக்காட்டினார்கள். அவர் திரும்பி வந்தபோதும் மணம் அங்கேயேதான் இருந்தது. அடுத்து சமையற்காரரைக் கேட்டார்கள். அவர் அகப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, "நான் போறன்" என்று துண்டை உதறினார்.

மாமி மகனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எழும்பு. மச்சம் காய்ச்சின வீட்டிலை தாலி கட்டேலாது."

மேளம் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியக் கால் மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா கூறையோடு வாசலுக்கு வந்தாள். இரண்டு தரம் சம்பந்தம் குழம்பியவள் அல்லவா, பந்தலைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மெல்லத் தலையைக் குனிந்து, கூறையின் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு உயிரே போனது.

அதே நிமிடத்தில் ஒரு பூனை என் கையிலிருந்த வாளிக்குள் தலையை விட்டு நக்கத் தொடங்கியது. சபை முழுவதும் பூனையைப் பார்த்தது, வாளியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"மாமி, ஒருத்தரும் காய்ச்சேல்லை," என்றேன். குரல் அழுகையில் கீச்சிட்டது. "நான்தான். பூவை மீன் பெட்டியிலை கொண்டந்தனான். அந்தத் தண்ணியைத்தான் காலமை தொடக்கம் தெளிக்கிறன்."

சொட்டச் சொட்ட நின்ற குஞ்சியப்பு முன்னால் வந்தார். வாளியில் விரலைத் தோய்த்து மூக்கடியில் பிடித்தார். எட்டு நாள் பிரிவுத் துயர் முழுதும் அவர் முகத்தில் தெரிந்தது.

"பாரை," என்றார்.

மணவறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இல்லை. திருக்கை."

சொன்னது மாப்பிள்ளை. மாமி மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"

தலைப்பாகையும் சந்தனமுமாக மாப்பிள்ளை தன் கால் விரல்களைப் பார்த்தார். "கொழும்பிலை போடிங்கிலை... சில நேரம்... பக்கத்திலை இருந்து சாப்பிடுறவை..."

"பக்கத்திலை இருக்கிறவை!"

"சில நேரம் நானும்தான் அம்மா."

மாமி பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். வாசலில் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடினேன், சிரித்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த மாமி கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி, இரு. உன்ரை கதையைப் பிறகு பாப்பம். நேரம் போகுது. உந்தப் பூவுகளைப் பிடுங்கி எறியுங்கோ."

என் மூன்று மாதப் படிப்பை ஐந்து நிமிடத்தில் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார்கள். ஐயர் இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வெறும் தடியும் கம்பியுமாக நின்ற மணவறையில், நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறியது. கழுவி ஊற்றியும் மணம் மட்டும் தடியை விட்டுப் போகவில்லை.

அத்தான் அன்றைக்கு அக்காவுக்காக வேண்டுமென்றே வாய் திறந்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். அத்தானைக் கேட்டால், "அது உண்மையிலேயே திருக்கைதான்" என்பார். ரொறன்ரோவில் அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தத் தாலிகட்டுப் படம் பெரிதாகத் தொங்குகிறது. அதில் மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண் கலங்க நிற்கிறார். வருகிறவர்கள் எல்லாம், "பாருங்கோ, மருமகளிலை எவ்வளவு பாசம், அழுதுகொண்டு நிக்கிறா" என்பார்கள். "ஓமோம்" என்று அக்கா என்னைப் பார்ப்பாள். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

கடைசிக் காலத்தில் மாமிக்கு ஞாபகம் மங்கிவிட்டது. பெற்ற மகனையே யாரோ வீட்டுக்கு வந்தவர் என்று நினைத்து, "நீங்கள் எந்த ஊர்?" என்று மரியாதையாக விசாரிப்பார். ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். அத்தான் என்னைக் கட்டிலுக்குக் கிட்டக் கூட்டிப்போய், "அம்மா, இது ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்டார்.

மாமி என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து மெல்ல மூக்கைப் பொத்திக்கொண்டார்.