தண்டாயுதபாணியின் மீசையும் அந்தமான் மீன்களும்

கடலை ஒருமுறைகூட நெருங்கிப் பார்த்திராத ஒருவன் கடல் மீன்களைப் பற்றிக் கதை எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். ஆயினும் நடந்தவற்றுள் பெரும்பகுதி முதலிபாளையத்தில், ஓர் அண்டாத் தண்ணீருக்குள் நடந்தது என்பதால் சற்றே தைரியம் கொண்டேன்.

அந்த அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தவர் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் தண்டாயுதபாணி. கண்ணையும் மூக்கையும் மூடிய நீச்சல் கண்ணாடி; வாயில் மூச்சுக்குழாய். சிறிது நேரத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏற, இருமிக்கொண்டே எழுந்தார்.

"ஏனுங்க, குளிக்கறீங்களா, கொப்புளிக்கறீங்களா?" குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி விஜயகுமாரியின் குரல்.

"சோப்பு நொரை மூக்குல போயிருச்சு! நீ போ கண்ணு."

கம்பெனி தன் ஆட்களைக் குடும்பத்தோடு அந்தமானுக்கு அழைத்துப் போகவிருந்தது. அங்கே மிதவையைப் பிடித்தபடி முகத்தை மட்டும் கடலுக்குள் வைத்து மீன் பார்க்கலாம். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. பழகிக்கொள்ளக் கண்ணாடியும் குழாயும் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். கல்யாணமான நாள்முதல் விஜயகுமாரி அவரிடம் வாய்விட்டுக் கேட்டது, கடலுக்குள் மீன் பார்க்க வேண்டும் என்ற ஒன்றைத்தான். "கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

குறுக்கே நின்றது, கட்டிங் பிரிவே அஞ்சி நடுங்கும் அவருடைய மீசை.

"மாஸ்டர், கண்ணாடி ஓரம் தோல்ல ஒட்டணும்லா? உங்க மீசை தண்ணிக்கு வாசல் தெறந்துல்லா வச்சிருக்கு. எடுத்திருங்க" என்றார் திருநெல்வேலிக்காரரான டெய்லர் சந்தனம்.

"மீசையவா? உன்ற தலைய வேண்ணா எடுக்கட்டுமா?"

"அப்ப வாஸ்லினாவது தடவுங்க."

தாராளமாகத் தடவினார். கண்ணாடி வழுக்கி, தாடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பனியனில் கழுத்தோ கையோ, இழுத்தால் நீண்டு இறுகும் ரிப் துணி வைத்துத் தைத்தால் எந்த இடைவெளியும் இறுகிவிடும் என்பது மாஸ்டரின் தொழில் நம்பிக்கை. சந்தனத்தை விரட்டிக் கண்ணாடியைச் சுற்றிக் கருநீல ரிப் பட்டி தைக்கச் செய்தார். பருத்தி ரிப் அண்டாத் தண்ணீரை ஆசை தீரக் குடித்து, பத்திரமாக மூக்கில் சேர்த்தது. போதாக்குறைக்குச் சாயமும் மீசையில் இறங்கியது.

"மீசைக்குமா மாஸ்டர் டையிங் குடுத்தீங்க?" என்று கட்டிங் மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அஞ்சி நடுங்கியவர்கள்தாம் சிரித்தார்கள்.

புறப்படும் நாள் காலையில் மாஸ்டர் யாருக்கும் முன்னதாகக் கம்பெனிக்கு வந்து, கத்தரியோடு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்றார். ஓரத்தில் துளி கத்தரித்தால் போதும் என்பதுதான் எண்ணம். இடப்பக்கம் சற்று அதிகமாகப் போயிற்று. அளவு பிசகினால் கட்டிங் மாஸ்டருக்கு மனம் பொறுக்குமா? வலப்பக்கத்தைச் சரிசெய்தார். அது குறைந்துபோயிற்று. இப்படியே இரண்டு பக்கமும் நடுவில் வந்து சந்தித்தபோது, வெட்ட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

வாசலில் ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அலுவலகப் பெண் நதியா அவரை மறித்தாள்.

"சார், இது ஸ்டாஃப் டூரு. நீங்க யாரு?"

"நதியா, நாந்தானம்மா, மாஸ்டர்!"

"அய்யய்யோ! மீசைய எங்கண்ணே?"

"அது இருந்தா கண்ணாடிக்குள்ள தண்ணி பூருதம்மா. உங்க அக்கா மீன் பாக்கோணுமில்ல?" என்றார் பெருமையாக. தெருமுனையில், இன்னும் அவர் முகத்தைப் பாராத விஜயகுமாரி பைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

நதியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, மீசையால கண்ணாடி ஒட்டலைன்னு தெரிஞ்சுக்கிட்டு அக்கா போன வாரமே வந்து உங்க ரெண்டு பேரையும் அடியில கண்ணாடி போட்ட படகுக்கு மாத்திட்டாங்களே! 'உக்காந்தே பாத்துக்கறோம், அவரு மீசையில ஒரு முடி கொறஞ்சாலும் எனக்கு மீனே வேண்டாம்'னாங்க!"

இழந்தவை: வாஸ்லின் ஒரு டப்பா, ரிப் துணி அரை மீட்டர், மீசை ஒன்று.