தெற்குப் பக்கத்து வெளிச்சம்

என் ஸ்பாஸுக்கு,

உன் மனைவி ருஜா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம், ஆடுகளும் நலம். நீ அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், வயிறு எரிகிறது.

மலை உச்சியில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களே, இத்தனை வருஷம் மோட்டார் போட்டு அவர்களுடைய உருண்டைக் கூரையை நீ திருப்பிக்கொண்டிருந்தாயே, அந்த ஆட்கள்தான் காரணம். செத்தவருக்கு நாற்பது நாள் விளக்கு அணையக் கூடாது, அதுவரை உயிர் வீட்டுக்கு வழி தேடி அலையும் என்றார் பாதிரியார். சரி என்று உன் கல்லறையில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் நம் மலைக் காற்றுதான் உனக்குத் தெரியுமே, நான் வீடு திரும்புவதற்குள் அணைந்துவிடுகிறது, ஏறி இறங்கி என் முழங்கால் போயிற்று. உன் தம்பி ரங்கெல்தான், "விடுங்க அண்ணி, காத்துக்கு அணையாத விளக்கா வச்சிடுவோம்" என்று உன் பழைய காரின் ஹெட்லைட்டைக் கழற்றி, பேட்டரியோடு சிலுவைக்கடியில் மாட்டி, வானத்தைப் பார்க்க நிறுத்திவிட்டான்.

இன்று மத்தியானம் புரபசர் அசாரியேவ் வந்தார். துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று வேகவைத்த கோதுமையும் பிளம் சாராயமும் வைத்தேன். நன்றாகவே சாப்பிட்டார். சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார், பிரபஞ்சம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாக அளக்கிறார்களாம், தெற்கே மட்டும் வெளிச்சம் கூடுதலாக வந்ததாம். உலகத்தையே புரட்டிப்போடும் சேதி என்று பாட்டிலைத் திறந்து, வழக்கப்படி உன் பேரைச் சொல்லி இரண்டு சொட்டு தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடித்தார்களாம். அப்புறம் கீழே எட்டிப் பார்த்தால், தெற்கே இருப்பது நீ.

"அதை அணைச்சிடுங்க ருஜாம்மா. எங்க வேலையே கெட்டுப்போச்சு."

"நாப்பது நாள் முடியட்டும்."

"அதுக்குள்ள நிலா வந்துரும்மா, அந்த வெளிச்சத்துல ஒண்ணும் அளக்க முடியாது."

"அப்ப வடக்க பாருங்க. எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்றீங்க?"

"ஒண்ணுதானான்னு பாக்கணும்னா எல்லாப் பக்கமும் பாக்கணும்ல?"

"பாத்தாச்சுல்ல, தெற்கு வேற மாதிரின்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அவரைப் புதைச்சதுலேர்ந்து எனக்கும் அப்படித்தான் தெரியுது. அதுக்கு நான் பாட்டில் தொறந்தேனா?"

மனுஷன் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "ஸ்பாஸ் இருந்திருந்தா அவரே வந்து அணைச்சிருப்பாரு" என்றார். என்னிடமே சொல்கிறார். அவர்கள் வானத்தில் வெளிச்சம் படக் கூடாது என்று நீ சொன்னதற்காக, அடுப்படி ஜன்னலுக்குக் கம்பளி மாட்டி, கல்யாணமான நாளிலிருந்து புகைக்குள் நின்று சமைத்தவள் நான். ஒரு விளக்கு, எனக்கென்று கேட்ட ஒரே ஒரு விளக்கு. அணைக்க மாட்டேன்.

உன்மேல் கிடக்கும் மண் பாரமில்லாமல் இருக்கட்டும். ரங்கெல் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் ருஜா

பின்குறிப்பு: பொழுது சாயும்போது, எவனாவது வந்து அணைத்துவிடுவான் என்று காவல் காக்கத்தான் போனேன். மேலே கூரை திரும்பியது. கிறீச்சென்று ஒரே கத்தல், நீ திருப்பி அது கத்திக் கேட்டதில்லை. தெற்கே வந்து, உனக்கு நேராக நின்று திறந்தது. நீ இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட கூரையாயிற்றே, பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜன்னலுக்குக் கம்பளியையும் மாட்டிவிட்டேன். ஏன்யா, இந்த இருட்டில் எல்லாத் திசையும் ஒரே மாதிரிதானே இருக்கும், நம் வீடு எந்தப் பக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும்?