காட்டேரி அக்கா ‘வாங்க’ சொன்ன நாள்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ரத்தக் காட்டேரிகளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட இன்னொரு மனுஷியைக் கண்டுபிடிக்க முடியாது.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர். எங்களுக்குக் காட்டேரி அக்கா. ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் அவரும் ஆளுக்கோர் அறையில் வாடகைக்கு இருந்தோம். கிள்ளானில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவருக்கு வேலை. ரயிலில் போகும்போது ஒரு காட்டேரி நாவல், திரும்பும்போது இன்னொன்று. எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற ஆங்கிலக் கதைகள். அட்டையில் இருண்ட கோட்டை, சிவப்பு நிலா, நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி ஒரு பையன். அக்காவுக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது.

படித்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். நூறு வயதுக் காட்டேரி பள்ளியில் சேர்ந்து பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிக்கிற கட்டம் வந்தால் என் அறைக் கதவைத் தட்டுவார்.

“நூறு வயசாச்சு, இன்னுமா எஸ்பிஎம் பரீட்சை பாஸ் பண்ணல? சோம்பேறி லா.”

மனித ரத்தத்தைத் தொடாமல் மானைப் பிடித்துக் குடிக்கிற நல்ல காட்டேரிகளுக்கு ‘சைவப் பார்ட்டி’ என்று பெயர் வைத்திருந்தார். கண்ணாடியில் உருவம் தெரியாதவன் தலையை மட்டும் எப்படி அவ்வளவு அழகாக வாரிக்கொள்கிறான் என்பது அவருடைய நெடுநாள் கவலை.

ஒரு விதியை மட்டும் அவர் கேள்வி கேட்டதில்லை. வீட்டுக்காரர் வாயால் அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. தமிழர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பார். ஆள் யாரென்று பார்க்கும் முன்பே நம் வாயில் ‘வாங்க, வாங்க’ வந்துவிடுகிறதே! ஆகவே எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. அழைக்காமலே உள்ளே வந்தால் மனிதர். தயங்கி நின்றால் சந்தேகம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிறு மதியம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை. ஜொகூரில் இருந்த அண்ணன்தான் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தான். இதையும் தட்டிக் கழித்தால் இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று சொல்லியும் வைத்திருந்தான். அவனுக்கு விடுப்பு கிடைக்காததால் பெரியவர் ஸ்தானத்தில் காட்டேரி அக்கா. இன்றைக்கு மட்டும் ‘வாங்க’ சொல்லுங்கள் என்று காலையிலிருந்து கெஞ்சினேன். தலையாட்டினார்.

வாசல் கிரில் கதவைத் திறந்தார். சிரித்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

பையனின் அம்மா அழைப்புக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நேராக வந்து சோபாவைத் தட்டிப் பார்த்தார், ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்த்தார், கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பையன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றான். வெளுத்து, ஒல்லியாக, மரியாதையாக. எனக்குக் கொஞ்சம் பிடித்தும்விட்டது.

அக்கா என் காதோரம் வந்தார். “பையன் காட்டேரிதான், பயப்படாத. கூப்பிடாம வர மாட்டான், நல்ல வளர்ப்பு. இந்த அம்மாதான் எந்த புக்லயும் இல்ல.”

பிறகு எனக்காகத் தன் சட்டத்தையே உடைத்தார். “வாங்க தம்பி” என்றார்.

பையன் அசையவில்லை. அக்கா மறுபடியும் கூப்பிட்டார்.

“இல்ல ஆன்டி, அம்மா இன்னும் வரச் சொல்லல.”

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். இவன் வேண்டுமா என்று நேராகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணனை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு தட்டை எடுத்தார்.

தட்டில் பலகாரம் இல்லை, உரித்த பச்சைப் பூண்டு. ஆளுக்கு ஒரு பல் கடித்துக் காட்டினால்தான் பெண் தருவோம், எங்கள் வீட்டு வழக்கம் என்று கூடத்தில் போய் நீட்டினார். காட்டேரி இல்லை என்று உறுதி செய்ய வேண்டுமாம். முகத்தில் துளி சிரிப்பில்லை. காப்பி ஆறுவதற்குள் அவர்கள் கார் கிளம்பிவிட்டது.

அண்ணனுக்குப் புகார் போனது: பெண் தங்கம், கூட இருப்பது பைத்தியம். அவன் அக்காவைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் எல்லாவற்றுக்கும் “ஆமா தம்பி, என் தப்புதான்” என்றார். நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அண்ணன் இன்றும் என்னோடு பேசுகிறான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ஓர் அண்ணன், ஓர் அக்கா என்றுதான் சொல்கிறேன்.