லிமாவிலும் நம்மாத்து இலையடை

எந்தப் பண்டத்தை எதிரே வைத்தாலும், அது வாய்க்குள் போவதற்கு முன்பே ‘இது நம்மாத்து...’ என்று ஆரம்பிக்கும் ஒரு ரக மனிதர்கள் உண்டு. எல்லா ஊரிலும் இருப்பார்கள். மாதுங்காவில் கொஞ்சம் அடர்த்தி அதிகம். அவர்களில் முதல் தரச் சரக்கு பத்ரிநாராயணன்.

பெரு நாட்டுக்குப் போயே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவர் மனைவி பாகீரதி. சாம்பார், ரசம் என்று அலுத்துப்போன நாக்குக்கு, முன்பின் தெரியாத தித்திப்பு ஒன்று, ஒரே ஒரு தடவை வேண்டும். பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

லிமாவில், அரைத்த சோளத்தைச் சோளத்தோலிலேயே மடித்து அவித்த உமிதா வந்தது. “அரே, இது நம்மாத்து இலையடை! இலைதான் வேற” என்றார். எலுமிச்சையும் மிளகாயும் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு வந்தது. “போண்டாக்கு உள்ளே வைக்கறது. பொரிக்க மறந்துட்டான்.” அரிசியைப் பாலில் வேகவைத்துப் பட்டை தூவியது வந்தபோது, ஏலக்காய் இல்லாத குற்றத்துக்காகப் பரிமாறிய பெண்ணைத் தமிழிலும் ஹிந்தியிலும் கண்டித்தார். பூசணிக்காயும் சர்க்கரைவள்ளியும் பிசைந்து, வளையமாகப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றியதை பாகீரதி வாயருகே கொண்டுபோவதற்குள், “வடையைப் பாகுல போட்டிருக்கான்” என்று தீர்ப்பு வந்துவிட்டது. அப்புறம் அது வடையாகத்தான் இறங்கியது.

கடைசி நாள் சாயங்காலம், தெருவோரத் தள்ளுவண்டியில் மஸமோர்ரா வாங்கினார்கள். ஊதாச் சோளம் கொதித்த சாற்றில் அன்னாசியும் கிராம்பும் போட்டுக் கூழாகக் காய்ச்சியது. பத்ரிநாராயணன் ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். வாயைத் திறந்தார். மூடினார். இன்னொரு ஸ்பூன் சாப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. முகம் வாடிவிட்டது.

பாகீரதிக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மாமியார், நாத்தனார், மாதுங்கா, செம்பூர் யாரும் தொடாத தித்திப்பு! கண்ணை மூடிக்கொண்டு ஸ்பூனை எடுத்தாள்.

“அக்கா, எழுந்துண்டாச்சா?”

கண்ணைத் திறந்தாள். கணவர் செம்பூருக்கு வீடியோ கால் போட்டிருந்தார். அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது.

“கறுப்பா, கொழகொழன்னு, கிராம்பு வாசனை. நம்மாத்துல இது என்ன, சொல்லு?”

“தீபாவளி லேகியம்டா, மண்டு!”

“அச்சா! அதானே பார்த்தேன்!” பத்ரிநாராயணன் மலர்ந்துபோய்க் கிண்ணத்தை வழித்தார்.

பாகீரதி ஒரு வாய் சாப்பிட்டாள். அதில் இல்லாத சுக்கு மணத்தது, ஓமம் மணத்தது, திப்பிலிகூட மணத்தது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

“இந்தாங்கோ, இதையும் நீங்களே சாப்பிடுங்கோ” என்று கிண்ணத்தை நகர்த்தினாள்.

பாவம், இல்லையா? சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், பத்ரிநாராயணன் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசுவதற்குள், ‘அட, இது நம்ம சித்தப்பாதான்!’ என்று சொன்னீர்களா, இல்லையா?