மீன்தொட்டிக்குள் கால் போத்தல்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். ‘அளக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்’ என்று ஆண்டுதோறும் பிள்ளைகளை வெருட்டுகிறவள். அப்படிப்பட்ட நானே ஒருநாள் அளக்காமல் ஊற்றினேன். ஊற்றியது வொட்கா.

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் கணவரின் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே பவளங்களும் இரண்டு கோமாளி மீன்களும். (அவற்றின் பிறந்தநாள் அவருக்கு ஞாபகமிருக்கும், என்னுடையது இருக்காது.) பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகும்போது, “ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீன் போதும்” என்றார். பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வேளையும் அள்ளிப் போட்டேன்.

ஐந்தாம் நாள் நீரைச் சோதித்தால் சோதனைக் குழாய் செக்கச்செவேலென்று சிவந்தது. மிஞ்சிய தீன் அழுகி, நைத்திரேற்று என்னும் கழிவுப்பொருள் நீரில் ஏறிவிட்டது. இப்படியே விட்டால் பவளம் செத்துவிடும். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் முறை. வாளி தூக்கப் பஞ்சிப்பட்டு இணையத்தில் தேடினேன். சில துளி வொட்கா விட்டால் பக்டீரியா பெருகி நைத்திரேற்றைத் தின்றுவிடுமாம்.

கணவரின் தம்பி சுதனைக் கூப்பிட்டேன். “தம்பி, கால் போத்தல் வொட்கா வாங்கிட்டு வாறியா?”

அவன் கையிலிருந்த முச்சக்கரவண்டிச் சாவி கீழே விழுந்தது. “மச்சாள்... அண்ணன் போய் அஞ்சு நாள்தானே!”

“எனக்கில்ல, மீனுக்கு.”

“ஓம், ஓம்” என்றான். நம்பவில்லை.

சில துளிக்கே வேலை செய்யுமென்றால் முழுவதும் விட்டால் உடனே செய்யும் என்று என் பட்டதாரி மூளை கணக்குப் போட்டது. விட்டேன்.

விடிந்து பார்த்தால் தொட்டி முழுக்கத் தேங்காய்ப்பால்! பெருகிய பக்டீரியா ஒட்சிசனை உறிஞ்சிவிட்டது. கோமாளிகள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. எவ்வளவு விட்டேன் என்று பார்க்க எடுத்த வெறும் போத்தலோடு, தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடினேன்.

“ஐயோ! சாகடிச்சிட்டன்! ரெண்டு பேரையும் சாகடிச்சிட்டன்!”

பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவர் எங்கள் பாடசாலை அதிபர். போத்தலைப் பார்த்தார். அழுது சிவந்த என் கண்களைப் பார்த்தார்.

“டீச்சர்,” மிக மெதுவாகக் கேட்டார், “ரெண்டு பேரும்... ஆரு?”

“கோமாளிகள், சேர்!”

அதிபர் இரண்டடி பின்வாங்கினார்.

நல்லவேளை, சுதன் வந்து சேர்ந்தான். “வாவித் தண்ணி வேணாம், கடல் தண்ணி கொண்டா!” என்று கத்தினேன். முச்சக்கரவண்டியில் கான் கானாக ஏற்றி வந்தான். விஷயம் விளங்கிய அதிபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றுக் கலக்கட்டும் என்று தொட்டி நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார். மத்தியானம் மீன்கள் மூச்சு விட்டன. நானும் விட்டேன். ஒரு பவளம் மட்டும் வெளுத்துப் போனது.

கணவர் திரும்பியதும் செய்த முதல் வேலை நீரைச் சோதித்ததுதான். குழாய் மஞ்சளாகவே இருந்தது. “நைத்திரேற்றே இல்லையே! எப்பிடிப் பார்த்துக்கொண்டாய்?”

நான் வாயைத் திறக்குமுன் சுதன் முந்திக்கொண்டான். “மச்சாள் ஊத்திக் குடுத்தவ, அண்ணன்.”

இன்றைக்கும் கலியாண வீடுகளில் நான் சோடாப் போத்தல் ஒன்றைக் கையிலெடுத்தால் போதும். அதிபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அக்கறையாக விசாரிப்பார்:

“டீச்சர், வீட்டில எல்லாரும் உயிரோடதானே?”